மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை: ஒரு கிறிஸ்தவத் தகப்பன்

ஜூபிலி மலர்களில் புனிதர்களின் சரிதை இடம்பெறுவது வழக்கம். அவர்களுள் பலர் துறவிகள். பிள்ளைகுட்டிகளோடு மல்லுக்கட்டும் நம் பங்கின் தகப்பன்மார், அதெல்லாம் சாமியார்களுக்குச் சரி என்று பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். ஆகவே இங்கே ஒரு சம்சாரியைப் பற்றி எழுதுகிறோம். இவருக்குப் பீடத்தில் சுரூபம் கிடையாது. கோர்ட்டில் உத்தியோகம் பார்த்தவர். மனைவியை இழந்து மறுமணம் செய்துகொள்ளும் துயரத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுபவித்தவர். ஆணும் பெண்ணுமாய்ப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாய்ப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் திருச்சி நீதிமன்றத்தில் பணியில் அமர்ந்து, பின் மொழிபெயர்ப்பாளராகி, 1857-இல் தரங்கம்பாடிக்கு முன்சீப் ஆனார். அடுத்துச் சீர்காழி, அதன்பின் நெடுங்காலம் மாயூரம். இன்று மயிலாடுதுறை எனப்படும் அவ்வூரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முன்சீப் கோர்ட்டு என்றால் என்ன என்பதை நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கடன் பத்திரம். தகப்பன் பாடுபட்டுச் சேர்த்த வயலையும் தோப்பையும் அண்ணன் தம்பிகள் வக்கீலுக்கும் ஸ்டாம்புக்குமாய்க் கரைப்பதை அந்த நாற்காலியில் இருப்பவர் தினமும் பார்க்கிறார். பிள்ளைக்குச் சொத்தை மட்டும் வைத்துவிட்டுப் போகிற தகப்பன் என்ன வைத்துவிட்டுப் போகிறான் என்பதை வேதநாயகர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். 1859-இல் அவர் வெளியிட்ட நீதி நூல் நீதிபதியின் வேலைக்கு நடுவே பிறந்த நூல். கைக்கூலி வாங்குவதைக் கண்டித்து அதில் ஓர் அதிகாரமே உண்டு. ஊருக்கு முன் அப்படி அச்சிட்டுக் கொடுத்துவிட்டு மறுநாள் அதே நாற்காலியில் போய் உட்காருவது எளிதல்ல. 1862-இல் உயர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் பெயர்த்துச் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். வாசித்துப் பாராத பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன் கதியை அறிந்தவர் செய்த வேலை அது.

பெண் பிள்ளைகளின் படிப்பே அவர் மிகவும் வாதாடிய வழக்கு. பெண் படித்தால் கெட்டுப்போவாள் என்று பெரியவர்களே பேசிய காலம். 1869-ஐ ஒட்டிப் பெண்மதி மாலையையும், அதனோடு பெண் கல்வி என்னும் உரைநடை நூலையும் எழுதி அந்தப் பேச்சுக்கு மறுமொழி கொடுத்தார்.

பின்னர் மேலதிகாரி ஒருவரோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் உத்தியோகத்தை விட்டு விலக நேர்ந்தது. நடுவயதில் வேலை போன தகப்பனின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நமக்கு அவர் விட்டுச்சென்றவற்றில் பெரியது அதற்குப் பின்தான் அச்சேறியது. 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம், தமிழின் முதல் நாவல். நடை பழையதுதான், கதைக்குள் கதையாய்ச் சுற்றும். ஆனாலும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். பணக்கார வீட்டுப் பிள்ளை பிரதாபனுக்குப் படிப்பெதற்கு என்று வீட்டார் செல்லம் கொடுக்கிறார்கள். அவன் செய்யும் தப்புக்கு அடி விழுவது, வாத்தியார் மகனாய் வளரும் கனகசபையின் முதுகில்! இந்தக் கோணலை நிமிர்த்துகிறவள் தாய் சுந்தரத்தண்ணி. அவனோடு சேர்ந்து பாடம் கற்கும் ஞானாம்பாளோ, பின்னால் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியை அரசாண்டு, சிறையில் கிடக்கும் கணவனையே விடுவிக்கிறாள்.

அந்தக் கதையில் தகப்பன்மார் எப்படி வருகிறார்கள் என்று கவனித்தோர் சிலரே. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத வீம்பர்களாய் வருகிறார்கள். கலியாணத்துக்குப் பின் மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்ற பிடிவாதத்தில், ஒருவரையொருவர் விரும்பும் பிள்ளைகளின் திருமணமே முறியப் பார்க்கிறது. எழுதியவர் தாமே ஒரு தகப்பன். ஐம்பது வயதைக் கடந்தவர். தம் இனத்தாரையே இப்படி நகைப்புக்கு இடமாக்கினார். பிள்ளைக்குப் பாடம் சொல்லுமுன் தகப்பன் தன் வீம்பைத் தானே பார்த்துச் சிரிக்கக் கற்றிருக்க வேண்டும் என்பதை, நீதி நூலின் செய்யுட்களைவிட இந்தச் சிரிப்பு நன்றாகச் சொல்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் அறம் உரைத்தவர் இப்போது சிரிக்கவும் பழகியிருந்தார்.

1876 முதல் 1878 வரை தாது வருஷத்துப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. வேதநாயகர் தம் பொருளைக் கொண்டு மாயூரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடையைப் புகழ்ந்து பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவருடைய நெருங்கிய நண்பரே. தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய கத்தோலிக்கர், 1878-இல் வெளியிட்ட கீர்த்தனை நூலுக்குச் சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்று பெயரிட்டார். அப்பாடல்கள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. பிற சமயத்தாரோடு எப்படிப் பழகுவது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியே போதிக்க வேண்டியிருந்திராது. யார் யார் வந்து திண்ணையில் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

ஏலத்தோட்டத்துக்கோ திராட்சைத் தோட்டத்துக்கோ விடியுமுன் போய் இருட்டியபின் திரும்பும் நம் தகப்பன்மார், இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பது நியாயமே. வேதநாயகருக்கும் கோர்ட்டுக் கட்டுகள் குறைவாய் இருந்ததில்லை. சம்பளக் கணக்கை மகளிடம் கொடுத்துக் கூட்டச் சொல்வதற்கும், பட்டாவை மகனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கும் தனி நேரம் வேண்டாம். அவனுக்குக் கொடுக்கும் பட்டாவை அவளுக்கும் கொடுக்கலாம்.

1887-இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாவது நாவலை வெளியிட்டார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அந்தப் பஞ்சத்துக்குப் பின் வேகம் பெற்ற பெரியாற்று அணைத் திட்டத்தின் வேலை அப்போது நம் மேற்கு மலையில் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன.