தஞ்சைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர்

சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. மைசூரை ஆண்ட ஐதர் அலி 1782ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அவ்வூரை அடுத்த பாசறையிலேதான் உயிர் நீத்தார். சித்தூரிலே வளர்ந்த எனக்கு இச்செய்தி சிறுவயது முதலே தெரியும். ஆனால் அந்த ஐதர் வழிச்செலவுக்கென்று கொடுத்த 300 ரூபாய், தஞ்சாவூரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு முதலாயிற்று என்பது அண்மையிலேதான் தெரியவந்தது. ஆங்கிலேயரை ஓட ஓட விரட்டியவர் ஐதர். அவருடைய பணத்திலே ஆங்கிலப் பள்ளியா? அந்தப் பணத்தைப் பெற்றவராவது ஆங்கிலேயரா என்றால், அதுவும் இல்லை. அவர் ஒரு ஜெர்மானியர். பெயர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். நம் நாட்டார் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றே அழைத்தனர்.

தோழர்களே, நம்மிற் பலர் தமிழகத்தை விட்டு இத்திருப்பதிக்குப் படிக்க வந்தவர்கள். என் தந்தையாரோ பிழைப்பின் பொருட்டுக் கும்பகோணத்தை விட்டுச் சித்தூருக்கு வந்தவர். சித்தூர்க் கடைத்தெருவில் தமிழே போதும். திருப்பதிக்கு வந்து விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்கவும் எனக்குத் தெலுங்கு வரவில்லை. கையால் சாடை காட்டினேன். பரிமாறியவர் போதும் என்று நான் சொல்வதாக எண்ணி அப்பால் போய்விட்டார்! அந்தப் பசியோடு படித்ததனாலோ என்னவோ, சுவார்ட்ஸ் ஐயரின் வரலாறு என் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது.

அவர் 1726ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிராண்டன்பர்க் நாட்டைச் சேர்ந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் இருக்கிறது. இளமையிலேயே தாயை இழந்தார். மகனை இறைபணிக்கே ஆளாக்க வேண்டும் என்பது அத்தாயின் கடைசி விருப்பம். ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவர் பயிலச் சென்றபோது, அங்கே பெஞ்சமின் சூல்ட்ஸ் என்ற முதியவர் ஒருவர் இருந்தார். சூல்ட்ஸ் தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணிபுரிந்து ஊர் திரும்பியவர். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் கற்றவர். தெலுங்குக்கு இலக்கணம் எழுதியவர். தெலுங்கு நூல்கள் முதன்முதலாக அச்சேறியதே, கோதாவரிக் கரையிலும் அன்று, கிருஷ்ணைக் கரையிலும் அன்று. 1746ஆம் ஆண்டு அளவில் அந்த ஹாலே நகரத்திலேதான்! நம் ஆந்திர நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. தமிழ் விவிலியத்தை அங்கே அச்சிடலாம் என்றொரு முயற்சி நடந்தது. அதற்கு உதவியாகவே இளைஞர் சுவார்ட்ஸ் சூல்ட்ஸிடம் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சு முயற்சி கைகூடவில்லை. கற்ற தமிழ் மட்டும் வீண்போகவில்லை.

தந்தையின் விடை பெற்று, தமக்கு வரவேண்டிய சொத்தையும் உடன்பிறந்தாருக்கே விட்டுக்கொடுத்து, 1750ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. அஃது என் வயது! அந்நாளில் தரங்கம்பாடி டேனியர் ஆட்சியில் இருந்தது. சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 35 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஹாலேயில் படித்த தமிழோடு வந்திறங்கிய இளைஞருக்கு, ஊரார் பேசும் தமிழ் வேறாக ஒலித்தது போலும். அவர் செய்தது யாது? பள்ளியிலே மிகச் சிறிய பிள்ளைகள் இருந்த வகுப்புக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் சென்றார். கற்பிக்கச் சென்றார் என்பது பெயர். உண்மையில் அக்குழந்தைகளோடு கூடி மழலை பேசவே சென்றார். தாமும் அவர்களோடு சேர்ந்து திக்கித் திக்கிப் பேசியதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வந்து நான்கு திங்கள் ஆவதற்குள் தமிழில் முதற் சொற்பொழிவு ஆற்றினார். அதன்பின் பல ஆண்டுகள் தமிழ்ப் புராண நூல்களையும் சமய நூல்களையும் ஊன்றிப் படித்தார். தாம் யாருக்கு உபதேசம் செய்ய வந்தாரோ, அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

தமிழோடு அவர் கற்ற மற்றொரு மொழி போர்த்துகேசியம். டேனியர் ஊரில், ஜெர்மானியர் ஒருவர், போர்த்துகேசியம் எதற்காகக் கற்கவேண்டும் என்று கேட்கத் தோன்றும். போர்த்துகேசியர் நாகப்பட்டினத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்து, 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். கொடி இறங்கியது, மொழி இறங்கவில்லை. கலப்பு மணத்தில் பிறந்தோர், ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரர், துறைமுகத்து வணிகர் எனப் பலரும் அதனையே பேசிவந்தனர். டேனியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கூடத் தம் வேலையாட்களோடு அம்மொழியிலேதான் உரையாடினர். இலக்கணம் தேய்ந்து, கடற்கரைக்கு ஏற்பக் கரடுமுரடாகிவிட்ட போர்த்துகேசியம் அது. ஏட்டில் கற்றுப் பயனில்லை. பேசுவோரிடம் இருந்தே பெறவேண்டும். தரங்கம்பாடியில் தமிழ்ச் சபை ஒன்றும் போர்த்துகேசியச் சபை ஒன்றும் இருந்தன. இரண்டாம் சபையாரும் தம் மக்களே அல்லவா என்று சுவார்ட்ஸ் அதையும் கற்றார்.

அந்த மொழி நம்மை விட்டுப் போய்விட்டதா? விடுதி அறையின் சாவி போர்த்துகேசியச் சொல். சன்னல் போர்த்துகேசியம். மேசையும் அலமாரியும் சட்டைப் பொத்தானும் அவ்வழி வந்தவையே. குளிக்கப் போகும்போது நாம் தோளில் இடும் துவாலையை இங்குள்ள தெலுங்கர் துவ்வாலு என்கின்றனர். இரண்டுக்கும் தாய் ஒன்றே. பாதிரியார் என்ற சொல்லும் அப்படியே. மொழிப்பற்றில் நான் எவருக்கும் இளைத்தவன் அல்லன். ஆயினும் சாவியை வேறு பெயரால் அழைத்தால் என் அறைத் தோழனுக்கு விளங்காது.

1762ஆம் ஆண்டில் அவர் திருச்சிராப்பள்ளி சென்றார். பின்னர் அங்கேயே தங்கினார். அங்கே ஆங்கிலப் பட்டாளம் இருந்தது. பட்டாளத்துக்குப் போதகர் இல்லை. அந்தப் பணியும் சுவார்ட்ஸ் மேல் விழுந்தது. அவருக்கோ அப்போது ஆங்கிலம் சரளமாக வராது. தாமாகப் பேசத் துணியாமல், அச்சிட்ட ஆங்கிலச் சொற்பொழிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு சிப்பாய்களுக்குப் படித்துக்காட்டினார். படித்துப் படித்தே பழகினார். பழகியபின் புத்தகத்தை மூடி வைத்தார். பின்னாளில் தென்னாட்டில் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டவர் ஆங்கிலம் கற்ற கதை இதுதான். தாய்மொழியாளனுக்குத் தன் மொழியின் கடினம் தெரியாது; அயலாராய் இருந்து கற்றவருக்குத்தான் மாணவன் எங்கே இடறுவான் என்பது தெரியும். மாலை வேளையில் நான் இங்கே இரண்டு தெலுங்குச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் இடறும் இடங்கள் எல்லாம் நான் இடறிய இடங்களே. என் தெலுங்கைக் கேட்டு அவர்கள் சிரிப்பது வேறு கதை.

திருச்சியிலே அவர் வாழ்ந்த வாழ்க்கை மிக எளியது. பழைய கட்டடம் ஒன்றில் படுக்கை போட்டால் நிறைந்துவிடும் ஓர் அறை. நம் முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும் உணவு. கருஞ்சாயம் தோய்த்த பருத்தி உடை. மணம் செய்துகொள்ளவில்லை. நவாபின் ஆட்களோடு பேசப் பாரசீகமும் முஸ்லிம் மக்களோடு பேச இந்துஸ்தானியும் கற்றார். 1778இல் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அரண்மனை மொழி மராத்தி. ஆகவே அதையும் கற்றார்!

அடுத்த ஆண்டு சென்னைக் கவர்னர் ரம்போல்டு அவரை அழைத்து, ஐதரிடம் தூது செல்ல வேண்டும் என்றார். இந்துஸ்தானி அறிந்தவராதலால் துபாசி தேவையில்லை. பரிசுப் பொருளுக்கு மயங்கமாட்டார். இவ்விரண்டே தேர்வுக்குக் காரணம். கும்பெனியின் உத்தியோகஸ்தரில் இத்தகுதி இரண்டும் உடையவர் அகப்படவில்லை என்பதை நாம்தான் உய்த்துணர வேண்டும். 1779 ஆகஸ்டில் அவர் சீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஐதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமர்த்திப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மன்னர் பல மொழி பேச வல்லவர். ஒரே வேளையில் கடிதங்களைக் கேட்டு, மறுமொழி சொல்லி எழுதுவித்து, வழக்கும் விசாரிக்கக் கூடியவர். புத்தகத்தாலும் பழக்கத்தாலும் மொழிகளைக் கற்ற ஒருவரும், செவியாலேயே கற்ற ஒருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்த அக்காட்சியை நினைத்துப் பாருங்கள்.

தூது வெல்லவில்லை. கும்பெனியார் அவ்வாண்டு மார்ச்சில் மாஹியைக் கைப்பற்றியிருந்தனர். ஐதர் வசமிருந்த கடப்பைப் பகுதியின் வழியே அவரைக் கேளாமலே படை அனுப்பவும் முற்பட்டனர். ஒரு கையால் சமாதானத் தூதரை அனுப்பி, மறு கையால் போருக்கு வித்திட்டவர்களின் சொல்லைச் சுவார்ட்ஸ் சுமந்து சென்றார். ஐதர் அச்சொல்லை நம்பவில்லை, சொன்னவரை நம்பினார். 1780 ஜூலையில் மைசூர்ப் படை மலை இறங்கிக் கர்நாடகத்தைச் சூறையாடியபோது, அந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக் கூடாது, துன்புறுத்தக் கூடாது என்று தம் படைத்தலைவர்களுக்கு ஐதர் ஆணையிட்டார். எரியும் ஊர்களுக்கு இடையே சுவார்ட்ஸ் ஐயர் நடந்து சென்றார்.

ஐதர் தந்த 300 ரூபாயை அவர் வேண்டாம் என்று மறுத்தும் பயனில்லை. சென்னைக்கு வந்ததும் அதை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்ல, தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதனை முதலாக வைத்தார்.

1781இல் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. வெளியூர்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை. மாடு இருந்தது, கொடுக்க மனம் இல்லை. முன்பெல்லாம் அரசாங்க ஆட்கள் மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு விலை கொடாமல் ஏய்த்திருந்தார்கள். அரசர் ஆணையும் தளபதி ஆணையும் பலிக்கவில்லை. கடைசியில், பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதியனுப்பினார். இரண்டொரு நாளில் 1,000 மாடுகளுக்கு மேல் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. உழவர்கள் மாட்டை அவிழ்த்தது தங்களோடு தங்கள் மொழியில் பேசி, சொன்னதைச் செய்தும் காட்டிய ஒருவரை நம்பியே.

1784, 85ஆம் ஆண்டுகளில் தஞ்சை ரெசிடெண்டு ஜான் சல்லிவன் ஒரு திட்டம் வகுத்தார். நாட்டு மக்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் வேண்டும் என்றார். சுவார்ட்ஸ் முன்னின்று தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் அவற்றை நிறுவினார். கும்பெனி இயக்குநர்கள் 1787இல் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் அளிக்க இசைந்தனர். மெக்காலேயின் குறிப்பு வெளிவந்தது 1835இல் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே தமிழ்நாட்டில் அந்த வேலை தொடங்கிவிட்டது. மறைமுகமாக மதம் மாற்றும் சூழ்ச்சி இப்பள்ளிகளில் இராது என்று சுவார்ட்ஸ் உறுதி கூறினார். அந்தணர் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர்.

இதனால் யாருக்கு நன்மை? ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருவர் மொழியை ஒருவர் அறிந்தால் இடைத்தரகரின் வஞ்சனை ஒழியும் என்று ஐயர் நம்பினார். கும்பெனிக்குக் குமாஸ்தாக்கள் கிடைத்தார்கள். ஐயருடைய நம்பிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. பொய்யர்கள் கையில் அது அகப்பட்டது என்பேன். சீரங்கப்பட்டணத்தில் பட்டறிந்தவர் இதனை ஏன் காணவில்லை என்ற கேள்வி எனக்குத் தீரவே இல்லை.

அவர் செய்த பெரும் பிழை ஒன்றும் உண்டு. 1787இல் துளஜா மன்னர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸ் கையில் ஒப்படைக்க விரும்பினார். மாதம் ஓரிரு முறையே அரண்மனைக்கு வரும் நான் எப்படிக் காப்பேன் என்று ஐயர் தயங்கி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைக் காப்பாளராக்கும்படி யோசனை கூறினார். அமர்சிங்கோ அரியணையைத் தாமே எடுத்துக்கொண்டார். சிறுவன் இருண்ட அறையில், படிப்பும் இன்றிக் காலம் கழித்தான். தம் யோசனையால் விளைந்த கேட்டை நீக்க ஐயர் எழுதிய கடிதங்கள் பல. நடந்த நடை பல. 1793இல் சரபோஜியைச் சென்னைக்கு அழைத்துச் சென்று கல்வி பெறச் செய்தார். அங்கே கற்ற ஆங்கிலமும் அறிவியல் ஆர்வமும் பின்னர்ச் சரசுவதி மகாலில் மேனாட்டு நூல்களாகவும், கண் மருத்துவக் குறிப்பேடுகளாகவும் நிலைபெற்றன. அறிவியல் மாணவர் எவரும் தஞ்சை சென்றால் அவற்றைப் பார்க்காமல் திரும்பலாகாது.

1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், 71ஆம் வயதில், சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் காலமானார். 48 ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் பிறந்த ஊருக்குத் திரும்பியதில்லை. சரபோஜி வந்து முகம் காணும்வரை அடக்கம் நிறுத்திவைக்கப்பட்டது. வந்தவர் கண்ணீர் உகுத்தார். பெட்டியின் மீது போர்வை சார்த்தினார். அவ்வாண்டு ஜூனில் அவருக்கு அரியணை கிடைத்தது. மறு ஆண்டே நாட்டின் ஆட்சியைக் கும்பெனி எடுத்துக்கொண்டது.

இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜி செய்வித்த சலவைக்கல் சிற்பம் தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த கோயிலில் இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை அரசர் பற்றிநிற்கும் காட்சி அது. கல்லறைக் கல்லில் பொறித்திருப்பது சரபோஜி தாமே ஆங்கிலத்தில் இயற்றிய பாட்டு. மராத்தி பேசிய மன்னர், தமிழ் மண்ணில், ஜெர்மானிய ஆசிரியருக்காக, இருவருக்கும் தாய்மொழியல்லாத மொழியில் எழுதினார்.