கானகக் காவலர் தியடோர் ஹப்பேக்

கோலாலம்பூருக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள பழைய இரயில் நிலையத்தையும் ஜாமெக் பள்ளிவாசலையும் கண்டு வியந்திருப்பீர்கள். அவ்வெழில்மிகு கட்டடங்களை வரைந்தளித்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அவருக்குத் தியடோர் ஹப்பேக் என்றொரு தம்பி இருந்தார். அண்ணனின் பெயர் நகரத்தில் நிலைத்தது. தம்பியின் பெயரோ காட்டில் நிலைத்தது. அத்தம்பியின் வரலாற்றையே இங்குக் காணப் போகிறோம்.

தியடோர் ஹப்பேக் 1872ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். இளமையில் கிரிக்கெட் ஆட்டத்தில் சிறந்து விளங்கி, லங்காஷயர் அணிக்காகவும் ஆடினார். பின்னர் மலாயாவுக்கு வந்து இரப்பர்த் தோட்டத் தொழிலில் ஈடுபட்டார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் துப்பாக்கியைத் தோளில் சுமந்து காட்டுக்குள் நுழைவது அவர் வழக்கம். யானையையும், செலாடாங் எனப்படும் காட்டெருதையும் தேடி நாள்கணக்கில் நடப்பார். அவ்வனுபவங்களை 1905இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். 1907இல் ரிச்சர்ட் லிடெக்கர் என்னும் விலங்கியல் அறிஞர் மலாயாச் செலாடாங்கிற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, அதில் ஹப்பேக்கின் பெயரையும் சேர்த்தார். வேட்டைக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பெரும் புகழ் வேறு என்ன வேண்டும்?

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை உயர்ந்தது. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பல இடங்களில் காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. அக்காட்டை வெட்டித் திருத்திய கைகளுள் நம் முன்னோரின் கைகளும் இருந்தன. மலாயாவில் காடிருந்த இடமெல்லாம் இவ்வாறு தோட்டமானபோது, அங்கே வாழ்ந்த யானை எங்குச் செல்லும்? பழகிய தடத்திலேயே மீண்டும் வந்தது, இளம் கன்றுகளைப் பிடுங்கியது, வேலியை மிதித்தது. அதன் செயலில் குற்றம் காண இயலாது. ஓராண்டு உழைப்பை ஒரே இரவில் இழந்தவரின் சினத்திலும் குற்றம் காண இயலாது.

பெரிய விலங்குகளைச் சுட விரும்புவோர் அரசாங்கத்திடம் உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் அக்காலத்திலேயே இருந்தது. ஆயினும் பயிரை அழிக்கும் விலங்கைச் சுடுவதற்குத் தனிச் சலுகையும் இருந்தது. பயிரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, தந்தத்திற்காகவும் இறைச்சிக்காகவும் விளையாட்டுக்காகவும் விலங்குகளைக் கொன்றவர்கள் பலர். முன்வாயில் பூட்டியிருக்கப் பின்வாயில் திறந்து கிடந்தது எனலாம். காட்டை நன்கறிந்த ஹப்பேக் இதனைக் கண்டுகொண்டார். அன்று முதல் அவரது துப்பாக்கியைவிட அவரது பேனாவே மிகுதியாக உழைத்தது.

உரிமத்திற்கும் விலங்கின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை ஒரு கணக்கின் வழியாகப் பார்ப்போம். ஒரு காட்டில் இருபது செலாடாங்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பசு ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றுதான் ஈனும். ஓராண்டில் பிறந்து பிழைக்கும் கன்றுகள் மூன்று என்றால், மூப்பாலும் நோயாலும் இறப்பவை ஒன்றிரண்டு இருக்கும். எஞ்சுவது ஒன்று அல்லது இரண்டே. அங்கே ஐந்து உரிமங்கள் வழங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதிலும் கன்று ஈனும் பசுவைச் சுட்டால் இழப்பு இன்னும் பெரிது. யானையின் நிலையோ மேலும் கடினம். அது ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் சுமந்து ஒரு குட்டியை ஈனுகிறது. அடுத்த குட்டிக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

ஹப்பேக் பனி மூடிய அலாஸ்காவுக்கும் சென்று வேட்டையாடியவர். அப்பயணங்களைப் பற்றிய அவரது நூல் 1929இல் வெளிவந்தது. அத்தகைய குளிர்நாடுகளில் கடும் பனிக்காலம் வந்தால், தீவனம் பனிக்கடியில் புதைந்துவிடும். மான்கள் மெலிந்து மடியும். பிழைத்த தாய்மான்களும் வலுவற்ற குட்டிகளையே ஈனும். ஆகவே பனிக்காலம் கடுமையாக இருந்தால், எஞ்சிய விலங்குகளை எண்ணிப் பார்த்து, அடுத்த வேட்டைக் காலத்திற்கான அனுமதிச் சீட்டுகளைக் குறைப்பது இன்று அந்நாடுகளில் வழக்கமாகியுள்ளது. நம் நாட்டில் பனிக்காலம் ஏது? இங்கே வெள்ளம் உண்டு. 1926ஆம் ஆண்டின் இறுதியில் பகாங்கைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தைப் பற்றி முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். ஆனால் வெள்ளம் வடிந்துவிடும். வெட்டப்பட்ட காடு திரும்பி வருவதில்லை. ஆதலால் மலாயா விலங்குகளுக்குத் தோட்டத்தின் விரிவே முடிவில்லாத பனிக்காலமாக அமைந்தது என்பது என் கருத்து.

1930இல் அரசாங்கம் மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவை அமைத்து, அப்பொறுப்பை ஹப்பேக்கிடம் ஒப்படைத்தது. அவர் ஊர் ஊராகச் சென்று தோட்டத்துரைமார், விவசாயிகள், அதிகாரிகள் எனப் பலரிடமும் சாட்சியம் கேட்டார். 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. வேட்டை விதிகளைக் கடுமையாக்க வேண்டும், வனவிலங்கிற்கெனத் தனி நிர்வாகம் வேண்டும், நிலையான தேசியப் பூங்கா வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். தோட்டத்துரைமார் பலருக்கு இது கசந்தது. அவரும் அவர்களுள் ஒருவராக இருந்தவர்தாமே! வீட்டாரிடமே குறை கூறுவது எளிதன்று.

அதே 1932ஆம் ஆண்டில், வடசிலாங்கூரை ஒட்டியுள்ள பேராக் மாநிலத்தில், ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம் ஒன்று அரும்பொருட் காட்சியகத்திற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டது. மலாயாவில் அவ்வினத்தின் கடைசி விலங்கு அதுவே என்பர்.

ஹப்பேக் சளைக்கவில்லை. அவரது முயற்சியால் 1925இலேயே பகாங் சுல்தான் தகான் மலையைச் சுற்றிய காட்டை விலங்குக் காப்பகமாக ஒதுக்கியிருந்தார். அதனை விரிவாக்கும்படி பகாங், திரெங்கானு, கிளந்தான் சுல்தான்களை ஆண்டுக்கணக்கில் வேண்டி வந்தார். 1938, 1939ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் இசைந்து, 4,343 சதுரக் கிலோமீட்டர்க் காட்டை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்காவாக்கின. நாடு விடுதலை பெற்ற பின்னர் அதுவே தாமான் நெகாரா என்னும் பெயர் பெற்றது. முதுமையிலும் ஹப்பேக் இரட்டைக்கொம்புக் காண்டாமிருகத்தின் காலடித் தடங்களையும் சேற்றுக் குழிகளையும் தேடி நடந்தார். அவ்வாராய்ச்சிக் கட்டுரை 1939இல் வெளிவந்தது.

ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றிய 1942ஆம் ஆண்டிலேயே அப்பெருமகனாரின் வாழ்வும் முடிவுற்றது.

அவர் காக்க முயன்றவற்றுள் சில நிலைத்தன, சில மறைந்தன. இரட்டைக்கொம்புக் காண்டாமிருகம் இன்று மலேசியக் காடுகளில் இல்லை. நாட்டின் கடைசிக் காண்டாமிருகமான ஈமான் 2019இல் சபாவில் இறந்தது. நம் சிலாங்கூரில் காட்டு யானைக் கூட்டமும் இல்லை. புலிகள் தீபகற்பம் முழுவதிலும் 150க்கும் குறைவு என 2022இல் கணக்கிடப்பட்டது. புலிக்கு இரையாகும் மான்கள் குறைந்தமையால், 2009இல் ருசா, கிஜாங் ஆகிய மான்களுக்கு வேட்டை உரிமம் வழங்குவதை வனவிலங்குத் துறை நிறுத்தி வைத்தது.

கோலா தெம்பிலிங்கில் படகேறி ஆற்றின் வழியே சென்றால் தாமான் நெகாராவின் வாயிலான கோலா தகானை அடையலாம். அங்கே விலங்குகள் உப்பு மண்ணைத் தேடி வரும் இடங்களின் அருகே, மரத்தாலான மறைவிடங்கள் உள்ளன. இரவில் ஓசையின்றிக் காத்திருப்போருக்கு மானோ, தாப்பீரோ காட்சி தரலாம். ஹப்பேக்கின் பெயரைச் சுமந்த செலாடாங்கைக் காண்பது மிக அரிது.