கூடைப்பந்து கண்ட நெய்ஸ்மித்

வைகையின் தென்கரையில் உள்ள ஆரப்பாளையத்திலும் அதனைச் சூழ்ந்த மதுரைச் சமவெளியிலும் மார்கழித் திங்கள் விளையாட்டிற்கு ஏற்ற காலமாகும். வெயிலின் கொடுமை தணிந்திருக்கும். இளைஞர் மாலைதோறும் திறந்த வெளியில் மனம்போல் ஓடியாடுவர். வட அமெரிக்காவின் குளிர் மிகுந்த பகுதிகளிலோ அதே திங்களில் ஆடுகளங்கள் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். அங்குள்ள மாணவர் மாதக்கணக்கில் கூரையின் கீழ் அடைபட்டிருத்தல் வேண்டும். அந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே கூடைப்பந்து. அதனைக் கண்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

அவர் 1861ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் கனடா நாட்டில் ஆல்மாண்டு என்னும் ஊரின் அருகே பிறந்தார். ஒன்பது வயதளவில் தந்தை தாய் இருவரையும் குடற்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். தாய்மாமனின் ஆதரவில் வளர்ந்த அவர், பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திக் காட்டில் மரம் வெட்டும் தொழிலில் ஈடுபட்டார். சில ஆண்டுகள் சென்றபின் அவர் மனம் மாறியது. தம்மினும் இளையவரோடு ஒரே வகுப்பில் அமர நாணாது, மீண்டும் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மாண்ட்ரீல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுச் சமயக் கல்வியும் பயின்றார். சமயத் தொண்டு செய்ய விரும்புவோர்க்கு முரட்டு ஆட்டங்கள் தகா என்று பலர் கருதிய காலம் அது. நெய்ஸ்மித் அவ்வாறு கருதவில்லை. நல்லொழுக்கத்தை ஆடுகளத்திலும் பயிற்றலாம் என்று துணிந்து, 1890இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியை அடைந்தார்.

மறு ஆண்டு குளிர்காலத்தில் அவரிடம் ஒரு வகுப்பு ஒப்படைக்கப்பட்டது. அதில் மாணவர் 18 பேர். கையை உயர்த்துவதும் காலை மடக்குவதுமாகிய பயிற்சிகளில் அவர்கள் சலிப்புற்றிருந்தனர். அவர்களை அடக்க இயலாது ஆசிரியர் இருவர் முன்னரே விலகியிருந்தனர். துறைத்தலைவராகிய லூதர் குலிக், கூடத்தினுள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை 14 நாள்களுள் அமைக்குமாறு நெய்ஸ்மித்தைப் பணித்தார். வெளியில் ஆடும் ஆட்டங்களைச் சிறிது மாற்றி அவர் கூடத்திற்குள் ஆடுவித்துப் பார்த்தார். மாணவர் ஒருவரையொருவர் மோதிக் காயமுற்றதே பயன். தவணையும் முடியும் நிலையை எட்டியது.

அப்பொழுது அவர், ஆட்டங்களில் காயம் ஏன் உண்டாகிறது என்று எண்ணலானார். பந்தை ஏந்தி ஓடுபவனைத் தடுக்கவே மற்றவர் அவன்மேல் பாய்கின்றனர். ஓட்டம் இல்லையேல் பாய்ச்சலும் இல்லை. ஆகவே பந்தைப் பெற்றவன் பெற்ற இடத்திலிருந்தே அதனை எறிதல் வேண்டும் என்று விதித்தார். இனி, இலக்கை எங்கே வைப்பது? எதிரே நிறுத்தினால் வன்மையாக எறிவார்கள். இங்கே அவருக்கு இளமையில் ஆடிய ஆட்டம் ஒன்று நினைவிற்கு வந்தது. பாறையின்மேல் ஒரு கல்லை வைத்து, அதனை வேறு கற்களால் எறிந்து வீழ்த்துவது அவ்வாட்டம். வேகமாக எறிந்தவன் குறி தவறினால் அவன் கல் நெடுந்தொலைவு சென்றுவிடும். மேல்நோக்கி வளைத்து மெல்ல எறிபவனுக்கே அதில் வெற்றி எளிது. எனவே இலக்கைத் தலைக்குமேல், வாய் மேல்நோக்கி இருக்குமாறு அமைத்தால் வலிமை பயன்படாது. கைத்திறனே பயன்படும் என்று அவர் கண்டார்.

மறுநாள் காலை, கட்டடக் காவலரிடம் இரண்டு சதுரப் பெட்டிகள் கேட்டார். பெட்டி இல்லை, பீச்சுப் பழம் இடும் கூடைகள் இரண்டே கிடைத்தன. பெட்டிகள் கிடைத்திருப்பின் இவ்வாட்டத்தின் பெயரே வேறாகியிருக்கும்! கூடத்தின் மாடிக் கைப்பிடியில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில், அக்கூடைகள் அறையப்பட்டன. 13 விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. 18 பேரும் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினர். முதல் ஆட்டத்தில் விழுந்த பந்து ஒன்றே. கூடைக்கு அடிப்புறம் திறப்பு இல்லாமையால், ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுக்க வேண்டியிருந்தது. ஓர் அணிக்கு ஐவர் என்னும் வரையறை பின்னரே ஏற்பட்டது.

இவ்வாட்டம் விரைந்து பரவியது. ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்குப் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் கூடைப்பந்தைப் பல பள்ளிகளுக்குக் கொண்டு சென்றனர். பனிக்கு அஞ்சிக் கூரையின் கீழ்ப் பிறந்த ஆட்டம் தமிழ்நாட்டில் திறந்த வெளியில் ஆடப்படலாயிற்று.

நெய்ஸ்மித் இதனால் பெருஞ்செல்வம் ஈட்டவில்லை. மருத்துவப் பட்டமும் பெற்ற அவர், 1898 முதல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்தார். அங்கு அவர் பயிற்றிய கூடைப்பந்து அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. ஆட்டத்தைக் கண்டவரே தோல்வி மிகுந்த பயிற்சியாளராக விளங்கியது வியப்பே. எனினும் அவர் வெற்றியைவிட மாணவரின் உடல்நலத்தையே பெரிதாகக் கருதியவர்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் போட்டிக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. பயிற்சியாளர்கள் முயன்று திரட்டிய பணத்தால் 74 வயது நெய்ஸ்மித் அங்குச் சென்றார். எஸ்டோனியாவும் பிரான்சும் ஆடிய முதல் ஆட்டத்தைக் கண்டார். இறுதி ஆட்டம் கொட்டும் மழையில் திறந்த மண்தரையில் நடைபெற்றது. அமெரிக்கா 19–8 என்னும் கணக்கில், அவர் பிறந்த கனடாவை வென்றது. 1939 நவம்பர் 28ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஐவர் போதும், சிறு திடலும் போதும். ஆதலின் இவ்வாட்டம் சிறு நாடுகளுக்கும் உரியதாயிற்று. அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்தே தீவுகளின் மக்கள் தொகை ஏறத்தாழ ஐந்து லட்சம். மதுரை மாநகரின் மக்களில் பாதியளவும் இல்லை. அந்நாட்டின் ஆடவர் அணி 2023இல் முதன்முறையாக உலகக் கோப்பைப் போட்டியில் கலந்துகொண்டது. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் ஆகஸ்டு 28ஆம் நாள் வெனிசுவேலாவை 81–75 என்று வென்றது. ஏழடிக்கு மேல் உயர்ந்த அவ்வணியின் வீரர் வால்டர் தவாரெஸ், பதினேழாம் வயதுவரை கூடைப்பந்து ஆடி அறியாதவர்.