வினா எழுப்பிய வித்தகர் ராவ் பகதூர் எம். சி. ராஜா

கல்வியே நம் சமுதாயத்தின் கண் எனக் கொண்டு பணியாற்றிவரும் நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், நமக்கு முன் நடந்து வழி சமைத்த பெரியோரை நினைவுகூர்தல் நம் கடமையாகும். அவர்களுள் ஒருவர் ராவ் பகதூர் எம். சி. ராஜா. படை திரட்டியோ பணம் குவித்தோ அன்று, கேள்வி கேட்டே அரசை அசைத்த பெருந்தகை அவர். ஆளுவோரை எழுந்து நின்று விடை கூறவைக்கும் கலையை நம்மவர் முதன்முதலாகக் கற்றது அன்னாரிடத்தில்தான் எனின் அது மிகையன்று.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். நம் குலத்துப் பிள்ளைகள் பள்ளித் திண்ணையை மிதிப்பதும் அரிதாயிருந்த அக்காலத்தில் பட்டம் பெற்று ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பாடநூல்களும் எழுதினார். பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பழகிய அந்த ஆசிரியரே பின்னாளில் அமைச்சர்களிடமும் கேள்வி கேட்கலானார். 1916இல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளராகிப் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தார்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் இரட்டையாட்சி ஏற்பட்டது. கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம் முதலிய துறைகள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் வந்தன. 1920இல் அமைந்த சட்டமன்றத்தில் ராஜா உறுப்பினரானார். நூற்றுக்கு மேற்பட்டோர் அமர்ந்த அந்த அவையில் ஒடுக்கப்பட்டோரின் பேராளர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. வாக்கெடுப்பு என்று வந்தால் வெற்றிக்கு வழியில்லை. ஆயினும் ஒரே ஒரு கருவிக்குப் பெரும்பான்மை தேவைப்படவில்லை. அதுதான் வினா.

இளைஞர்களே, இக்கருவி இயங்கும் முறையை நீங்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். உறுப்பினர் தம் வினாவை எழுத்தில் வடித்து உரிய நாட்களுக்கு முன்னதாக அவைச் செயலகத்தில் கொடுக்கிறார். அவைத்தலைவர் அதனை ஏற்றால் உரிய துறைக்கு அனுப்பப்படும். கோலியனூரை அடுத்த ஏதோ ஒரு சேரியில் குடிநீர்க் கிணறு உண்டா என்பது வினா என வைத்துக்கொள்வோம். துறைச் செயலர் மாவட்ட ஆட்சியரைக் கேட்பார். ஆட்சியர் விழுப்புரம் வட்டாட்சியரைக் கேட்பார். அந்நாளாயின் வட்டாட்சியர் கிராம முன்சீப்பையும் கர்ணத்தையும் கேட்பார். அதுவரை எவர் கண்ணிலும் படாதிருந்த சேரி, கோட்டையிலுள்ள கோப்பில் ஏறிவிடும். அமைச்சர் கூறும் விடை அவைக் குறிப்பில் அச்சாகிவிடும். அச்சான பின் அதனை இல்லையென மறுக்க எவராலும் இயலாது. விடை மழுப்பலாக இருப்பின் அவையிலேயே துணை வினா எழுப்பலாம். தகவல் திரட்டப்படுகிறது என்று இன்று தப்பித்துக்கொள்ளும் அமைச்சரை, திரட்டியாயிற்றா என அடுத்த கூட்டத்தொடரில் மீண்டும் கேட்கலாம்.

ராஜா இக்கருவியைக் கூர்மையாகக் கையாண்டார். பள்ளிக்கூடம், கிணறு, குடியிருப்பு மனை, அரசுப் பணி ஆகியவையே அவர் மீண்டும் மீண்டும் எடுத்த பொருள்கள். அன்று ஊர்ப் பள்ளிகள் பல அக்கிரகாரங்களிலும் கோயில்களிலும் சாவடிகளிலும் நடந்துவந்தன. நம் பிள்ளைகள் அவ்விடங்களுக்குள் நுழையவே முடியாது. அத்தகைய இடங்களில் பொதுப்பள்ளிகள் நடத்தலாகாதென 1919இல் அரசு ஆணையிட்டிருந்தது. ஆணை காகிதத்தில் இருந்தது. பள்ளியோ அக்கிரகாரத்திலேயே இருந்தது. இத்தகைய இடைவெளியைச் சுட்டிக்காட்ட உறுப்பினரின் வினாவையன்றி வேறு வழி இருக்கவில்லை.

பெயரளவிலும் நம்மவர் இழிவு சுமந்திருந்தனர். பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஆவணங்களினின்று நீக்கி, ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என வழங்க வேண்டுமென ராஜா கொணர்ந்த தீர்மானம் 1922 சனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அரசாணையும் வெளிவந்தது.

அரசுப் பணியைப் பற்றிய அவர் போராட்டம் இன்னும் நெடியது. 1921இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்தது. அஃது ஒரு பெரும் சீர்திருத்தமே. எனினும் அதில் ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனி இடம் வகுக்கப்படவில்லை. எத்தனை பேர் நம்மவர் பணியமர்த்தப்பட்டனர் என்னும் எளிய கேள்வியே அக்குறையை அம்பலமாக்கப் போதுமானதாயிருந்தது. ராஜா நீதிக்கட்சியைச் சேர்ந்தவர். ஆளும் தரப்பில் அமர்ந்தவர். ஆயினும் தம் கட்சி அரசையே கேள்வி கேட்கத் தயங்கினாரல்லர். 1921ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தையொட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டு, ஆதி திராவிடர் வீடுகள் தீக்கிரையாயின. அவ்வேளையில் கட்சித் தலைவர்கள் நம்மவரையே குறை கூறியது அவர் உள்ளத்தைப் புண்படுத்தியது. 1923இல் கட்சியினின்று விலகினார். பதவி நிழலைவிட வினாவின் வெயிலே மேலெனக் கொண்டார்.

1927இல் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணையில், பன்னிரண்டு இடங்களில் ஓரிடம் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டது. பன்னிரண்டில் ஒன்று என்பது சிறிதே. எனினும் இல்லாத வரிசை ஒன்று உண்டாயிற்று. ஒருவர் தொடங்கிய கேள்வியைப் பலர் விடாது தொடர்ந்ததன் பயன் அது.

அந்த அவையில் ராஜா தனித்து நிற்கவில்லை. 1923இல் உறுப்பினரான இரட்டைமலை சீனிவாசனார் 1924இல் கொணர்ந்த தீர்மானத்தால், பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றை நம்மவர் தடையின்றிப் பயன்படுத்தலாமென அரசாணை பிறந்தது. நம் பகுதித் திண்டிவனத்தில் பள்ளிக் கல்வி பயின்று, 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிய சுவாமி சகஜானந்தரும் 1926 முதல் அம்மன்றத்தில் அமர்ந்தார். கல்விக்கூடம் கண்டவரே சட்டமன்றத்திலும் நம் குறைகளை எடுத்துரைத்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1927 முதல் பத்தாண்டுகள் ராஜா தில்லி மத்திய சட்டசபையில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் நியமன உறுப்பினராக வீற்றிருந்தார். நாடு முழுவதுமுள்ள நம் மக்களின் குறைகளை அங்கு எடுத்துச் சொல்லும் சுமை அவர் தோள்மீது விழுந்தது.

அன்னார் வாழ்வில் கருத்து மாறுபாட்டிற்கு உரிய கட்டமும் உண்டு. அதனை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. 1932இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்து, தனி இடங்களுடன் கூடிய கூட்டுத்தொகுதியை ராஜா ஏற்றார். தனித்தொகுதி முறைக்காக வாதாடிய டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் அதனை எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது.

1937 ஏப்ரலில் கூர்மா வெங்கட்ட ரெட்டி தலைமையில் அமைந்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா வளர்ச்சித்துறை அமைச்சரானார். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டவர் விடை கூறும் இருக்கைக்கு வந்தார். ஆயினும் அவ்வமைச்சரவை சட்டமன்றத்தைச் சந்திக்காமலேயே சூலையில் விலகிற்று. பின்னர் காங்கிரசு அமைச்சரவை அமைந்தது. ராஜா மீண்டும் உறுப்பினர் இருக்கையில் அமர்ந்தார். அவர் கொணர்ந்த மசோதாவே 1938ஆம் ஆண்டின் சென்னை சமூக இயலாமை நீக்கச் சட்டமாயிற்று. கோயில் நுழைவுக்காக அவர் கொணர்ந்த மசோதாவோ அரசின் ஆதரவின்றி அதே ஆண்டில் தோற்கடிக்கப்பட்டது. கட்சியின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு, தனி இடங்களிலிருந்து வந்த நம்மவரே அதனை ஆதரிக்க இயலாமற்போனது அவரை ஆழ்ந்த சிந்தனையில் ஆழ்த்தியது. கூட்டுத்தொகுதி பற்றிய பழைய நம்பிக்கை தளர்ந்தது. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவை அவரும் டாக்டர் அம்பேத்கரும் இணைந்தே சந்தித்தனர். தோற்ற அந்த மசோதாவின் நோக்கம் 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டத்தால் மாகாணம் முழுவதற்கும் கைகூடியது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1943 ஆகஸ்டில் அவர் மறைந்தார். சென்னை சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி மாணவர் விடுதி அவர் நினைவைச் சுமந்து நிற்கிறது.

இவ்வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஆணை பிறந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதெனக் கருதுதல் தவறு. அது நிறைவேறியதா எனக் கேட்பவர் இருக்கும் வரைதான் ஆணைக்கு உயிர். அங்ஙனம் கேட்பதற்கு எத்தனை பேர், எந்த ஊர், எந்த ஆண்டு, எவ்வளவு பணம் என்னும் கணக்கு வேண்டும். கணக்கற்ற முறையீட்டை அனுதாப மொழி கூறி அனுப்பிவிடலாம். கணக்குள்ள கேள்விக்கு விடை கூறியே தீரவேண்டும். அக்கணக்கைத் திரட்டித் தருவது கல்வி.

இன்று விழுப்புரம் மக்களவைத் தொகுதியும், திண்டிவனம், வானூர் சட்டமன்றத் தொகுதிகளும் தனித்தொகுதிகளாக உள்ளன. மக்களவையில் உடுக்குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாகவும், குறியிடாத வினாவுக்கு எழுத்து மூலமாகவும் விடையளிக்கின்றார். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகங்களின் ஆவணங்களைக் கோரும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்துள்ளது. நம் ஊர் விடுதியின் கூரை எப்போது பழுதுபார்க்கப்படும், கல்வி உதவித்தொகை எத்தனை மாணவருக்கு எட்டவில்லை என்பன போன்றவற்றை விவரத்தோடு எழுதி, நம் உறுப்பினர் கையில் கொடுங்கள். அவையில் கேட்கச் சொல்லுங்கள். கேட்டாரா என்று அவரையும் கேளுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளின் கையில் எழுதுகோல் தந்து வந்துள்ளது. அவ்வெழுதுகோல் விண்ணப்பம் எழுதுவதோடு நின்றுவிடாமல் வினாவும் எழுதட்டும். அதுவே எம். சி. ராஜாவுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.