வேலை வாங்குவோர் அறியவேண்டிய சிதம்பரம் பிள்ளை

தியாகதுருகத்திலும் கள்ளக்குறிச்சியிலும் அரிசி ஆலையாயினும், கடையாயினும், கட்சிக் காரியாலயமாயினும், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவோர் பலர் ஒரே குறையைக் கூறுகின்றனர். ஆட்கள் வருகிறார்கள், கூலி பெறுகிறார்கள், ஆனால் வேலையில் மனம் ஒட்டுவதில்லை என்பதே அக்குறை. மனம் ஒட்டும்படி மேலிருப்பவர் யாது செய்தார் என்று கேட்டுக்கொள்வோரை மட்டும் நாம் காண்பது அரிது. இக்கேள்விக்குத் தமிழ் நாட்டிலேயே வாழ்ந்து விடை காட்டிச் சென்றவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டியவர், செக்கிழுத்தவர் என்று மேடைதோறும் முழங்கி நம்மவர் நாவுக்குப் பழக்கமாகிவிட்டது. மனிதரைச் சேர்த்து அவர் காரியம் நடத்திய முறையைப் பற்றிப் பேசுவார் சிலரே.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளுக்காகப் போலீஸாரை எதிர்த்து வாதாடி உள்ளூர் அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டு, 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். இளமையில் அவர் வீட்டில் நடந்த ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. கண்பார்வையற்ற துறவி ராமையா தேசிகர், தாழ்ந்ததென உலகம் ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். அவரைப் பிள்ளையவர்கள் தம் இல்லத்தில் வைத்து ஆதரித்தார். மனைவியார் வள்ளியம்மை தம் கையாலேயே அவருக்கு அன்னமிட்டார். உறவினர் முணுமுணுத்தனர். பிள்ளை அசையவில்லை. பிற்காலத்தில் ஆலைத் தொழிலாளர் அவரைத் தம்மவராகவே எண்ணியதற்கு வேர் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது. வீட்டுப் பந்தியில் பேதம் பார்ப்பவர் தொழிற்சாலை வாயிலில் சமத்துவம் பேசினால் எவர் நம்புவார்?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பெருஞ்செல்வர் நால்வர் கூடி முடித்திருக்கக்கூடிய காரியத்தைச் சிறு வியாபாரியும் பங்கு கொள்ளும்படி வகுத்தது யோசித்துச் செய்த ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம். தனக்கும் பங்குண்டு என்றறிந்தவனுக்கே கம்பெனியின் நஷ்டம் தன் நஷ்டமாகத் தோன்றும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தும், பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகக் கூறியும் போட்டியிட்டனர். வாடகைக் கப்பலையும் பறித்தனர். அப்பொழுது சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டவர் பிள்ளையவர்களே. மகன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் வீழ்ந்து மடிவேன் என்று சபதம் செய்து சென்றதாகச் சொல்வர். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறைக்கு வந்தன. ஆபத்தின் முதற் பங்கைத் தாம் ஏற்ற பிறகே பிறரை அவர் உழைக்க அழைத்தார். இக்காலத் தலைவர் சிலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கொண்டிருக்கின்றனர்.

இனி 1908-ஆம் ஆண்டுக் கோரல் ஆலை வேலை நிறுத்தம். ஹார்வி கம்பெனியாரின் அந்நூலாலையில் விடியற்காலை தொடங்கி அந்தி சாயும் வரை வேலை, கூலி சொற்பம், வார விடுமுறை இல்லை, சிறுவரும் உழைத்தனர். பிப்ரவரி 27-ஆம் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஆவேசமாகப் பேசி ஆட்களை வெளியே கொண்டுவருவது எளிது. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே! அதனையும் பிள்ளை தம் பொறுப்பென்று கொண்டார். நகரத்தாரிடம் நிதி திரட்டிப் பட்டினி கிடந்தோரைத் தாங்கினார். கோரிக்கைகளோ தெளிவானவை: கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார ஓய்வு. ஏறத்தாழ ஒன்பது நாட்களில் நிர்வாகம் இணங்கிற்று. கேட்டது கிடைத்ததும் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். வெற்றியின் மயக்கத்தில் கோரிக்கையை நீட்டிக்கொண்டே போகவில்லை. வழக்கை எங்கே முடிப்பது என்று அறிந்த வக்கீல் அவர் என்பது நம் போன்ற அத்தொழிலாருக்கு விளங்கும்.

மார்ச் 12-ஆம் தேதி அவர் கைதானார். உடனே அதே தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கூலி கேட்கவில்லை. நாவிதரும் சலவைத் தொழிலாளரும் ஜட்கா வண்டிக்காரரும் கடையடைத்து வீதிக்கு வந்தனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகமும் துப்பாக்கிப் பிரயோகமும் நிகழ்ந்து நால்வர் மாண்டனர்.

ஒரு குறையையும் மறைக்காமல் எழுதுவது பத்திரிகை தர்மம். அவர் சிறை சென்றபின் கம்பெனி தளர்ந்து 1911-க்குள் கலைந்தது. அரசாங்கத்தின் விரோதமும் பங்குதாரர் சிலரின் அச்சமும் அதற்குக் காரணங்களே. எனினும் அவரது பழக்கங்களை ஏற்றுத் தொடரக்கூடிய இரண்டாவது மனிதர் அங்கே உருவாகவில்லை என்பதும் உண்மை. இரண்டே ஆண்டுகளில் அதற்கு அவகாசம் ஏது என்று வாதிக்கலாம், அவ்வாதம் நியாயமானதே. ஆயினும், இருபது ஆண்டுகளாக ஒரு ஸ்தாபனத்தை நடத்தியும் தமக்கு அடுத்தவரை வளர விடாதோர் நம் வட்டாரத்திலும் உளர். அவர்கள் எந்த அவகாசத்தைக் காட்டித் தப்புவர்?

செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த பிள்ளையவர்கள், கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு ஒழுக்கம் போதித்தார். அதன் பயனாக எழுந்ததே மெய்யறம் என்னும் நூல். கொலைகாரனையும் திருடனையும் மாணாக்கனாகக் கருதிய மனம் அது. ஜேம்ஸ் ஆலனின் நூலையும் மனம்போல வாழ்வு எனத் தமிழாக்கினார். 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளிவந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை. சன்னது பறிபோயிருந்தது, குடும்பத்தைக் காக்கச் சில்லறை வியாபாரமும் செய்தார். அந்த வறுமையிலும் சென்னையில் தொழிலாளர் சங்க வேலையை அவர் கைவிடவில்லை. சன்னதைத் திரும்பப் பெற உதவிய ஆங்கில நீதிபதி வாலஸை நினைந்து தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி, தூத்துக்குடிக் காங்கிரஸ் காரியாலயத்திற்குத் தம்மை எடுத்துச் செல்லுமாறு விரும்பி, அங்கேயே உயிர் நீத்தார்.