கணக்கர் கற்ற செங்கல் தொழில்

சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நிற்கும் ராஃபிள்சின் வெண்சிலைக்குத் துணையாக, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேலும் நான்கு சிலைகள் சில நாள்களுக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நாராயண பிள்ளையின் சிலை. ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். தெரியாத தொழில்களில் துணிந்து இறங்கிய வணிகர் அவர் என்பதை மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பினாங்கில் வசித்த நாராயண பிள்ளை, 1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்சுடன் ‘இந்தியானா’ கப்பலில் சிங்கப்பூர் வந்தார். இங்குக் கருவூலத்தில் அவருக்கு எழுத்தர் வேலை. பேனாவும் பேரேடும்தான் அவருடைய கருவிகள். அந்த வேலையோடு அவர் நின்றுவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால், தம்மைச் சுற்றி ஒரு நகரம் முளைப்பதை அவர் கவனித்தார். கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினர். அவர்களுக்கு வீடும் கடையும் கிடங்கும் தேவைப்பட்டன. கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை ஒன்றைத் தொடங்கினார் பிள்ளை.

செங்கல் தொழிலைப் பேரேட்டில் படித்துவிட முடியாது. எந்த மண் ஏற்றது, அறுத்த கல்லை எவ்வளவு காய வைப்பது, சூளையில் தீயை எத்தனை நாள் விடுவது என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. கணிப்பு தவறினால் ஒரு சூளைக் கல்லும் வீண். பிள்ளை எல்லாம் தெரிந்தவர்போல் நடந்துகொள்ளவில்லை. பினாங்குக்குச் சொல்லி அனுப்பி, கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். இவ்வாறு சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

அடுத்து அவர் இறங்கியது துணி வியாபாரத்தில். கிராஸ் ஸ்திரீட்டில் கடை திறந்தார். செங்கல் வாங்குபவர் உறுதியைப் பார்ப்பார். துணி வாங்குபவரோ நிறத்தையும் நெசவையும் விரலால் தடவிப் பார்ப்பார். சரக்கைக் கடனுக்கு எடுத்து, விற்று, தவணையில் பணம் கட்ட வேண்டும். இதையும் பிள்ளை பழகிக்கொண்டார். கடைக்கு நல்ல பெயர் வந்தது.

1822ஆம் ஆண்டு தீ அந்தக் கடையை அழித்தது. சரக்கு போயிற்று; அதற்கான கடன் மட்டும் மிஞ்சியது. புதியவற்றைக் கற்கும் மனம் இருந்தால் நட்டமே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிள்ளைக்கும் வந்தது. அவர் ராஃபிள்சை அணுகித் தம் நிலையை எடுத்துக் கூறினார். இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் எனப்படும் வணிகச் சதுக்கத்தில் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இடத்தைத்தான் பிறர் தரலாம்; வியாபாரத்தை மீண்டும் எழுப்ப வேண்டியவர் அவரே. எழுப்பினார். சரக்கு எரிந்தாலும், கொள்முதலும் விற்பனையும் பற்றி அவர் கற்றது எரியவில்லை.

இந்தியர்களிடையே எழும் பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் தலைவராகவும் அவர் நியமிக்கப்பட்டார். ஆலயத்திற்கு நிலம் தேடியபோதும் பொறுமை தேவைப்பட்டது. தெலுக் ஆயரில் முதலில் கிடைத்த இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. அடுத்துக் கிடைத்த இடம் புதிய நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1823இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் கிடைத்தது. 1827இல் அங்கு எழுந்த ஆலயம் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனது. செங்கல் சூளை நடத்தியவர் செங்கல் கோயிலுக்காகக் காத்திருக்கவில்லை. கைக்கு எட்டியதைக் கொண்டு தொடங்கினார்.

படித்துக்கொண்டே இணையத்தில் பலகாரமோ துணிமணியோ விற்கும் மாணவர்கள் இன்று நம்மிடையே இருக்கின்றனர். சமைக்கத் தெரிந்தவருக்குக் கணக்கு எழுதத் தெரியாது. படம் எடுக்கத் தெரிந்தவருக்கு வாடிக்கையாளரின் புகாரைக் கையாளத் தெரியாது. அது என் துறை அன்று என்று ஒதுங்கினால் சிறுவணிகம் அங்கேயே நின்றுவிடும். பெரிய நிறுவனத்தில் அதற்கு வேறோர் ஆள் இருப்பார்; சிறு கடையில் முதலாளிதான் அந்த ஆள். தெரியாததைக் கண்டுகொள்ளுங்கள், தெரிந்தவரைத் தேடிக் கேளுங்கள். கருவூலத்திலிருந்து சூளைக்குப் போன எழுத்தரும் அதைத்தான் செய்தார்.