விதை தேடி உலகம் சுற்றியவர் – நிகோலாய் வவிலோவ்



இன்று உங்கள் வீட்டில் சாம்பாரா? அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன், மேடையில் இருக்கும் சாமான்களை ஒரு நிமிடம் பாருங்கள். துவரையும் கத்தரியும் நம் நாட்டுக்காரர்கள். மிளகாய்க்குப் பிறந்த வீடு மெக்சிகோ. தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் தென் அமெரிக்கா. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சாப்பிட்ட பின் குடிக்கும் காபி எத்தியோப்பியாவிலிருந்து வந்தது.

எந்தப் பயிர் எந்த மண்ணில் பிறந்தது என்று தேடிக்கொண்டு குதிரையிலும் கழுதையிலும் கால்நடையாகவும் உலகைச் சுற்றிய ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். பெயர் நிகோலாய் இவானோவிச் வவிலோவ். உலகத்தின் பசியைப் போக்கப் புறப்பட்ட அவர், சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார்.

பஞ்சம் கண்ட நாடு

வவிலோவ் 1887 நவம்பர் 25 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அப்பா கிராமத்து ஏழைக் குடும்பத்திலிருந்து வந்து வியாபாரத்தில் முன்னேறியவர். தம்பி செர்கேய் பின்னாளில் பெயர்பெற்ற இயற்பியல் அறிஞர் ஆனார். வவிலோவுக்கு நான்கு வயதானபோது, 1891-92இல், ரஷ்யாவில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டனர். வளர்ந்ததும் அவர் தேர்ந்தெடுத்தது அப்பாவின் வியாபாரத்தை அல்ல, விவசாயப் படிப்பை.

மாஸ்கோவில் படிப்பை முடித்து 1913இல் இங்கிலாந்து சென்றார். மரபியல் என்ற துறை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அதன் முன்னோடியான வில்லியம் பேட்சனிடம் பாடம் கற்றார். நோயை எதிர்த்து நிற்கும் குணமும் தாய்ச்செடியிலிருந்து சேய்ச்செடிக்கு வருகிறது என்றால், அந்தக் குணம் உள்ள செடியைக் கண்டுபிடித்து நல்ல விளைச்சல் தரும் ரகத்தோடு சேர்க்கலாம் அல்லவா? அதற்கு முதலில் அந்தச் செடி கைக்குக் கிடைக்க வேண்டும். அது எங்கே இருக்கும் என்ற கேள்விதான் அவரை ஊர் ஊராகச் சுற்ற வைத்தது.

மலையேறிக் கற்ற பாடம்

முதல் பெரிய பயணம் 1916இல், பாரசீகத்துக்கும் பாமீர் மலைகளுக்கும். பாரசீகத்தில் இருந்த ரஷ்யப் படைவீரர்கள் ரொட்டி தின்று மயங்கி விழுந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க வவிலோவை அனுப்பினார்கள். கோதுமையோடு கலந்திருந்த ஒரு களைப்புல்லின் விதைதான் காரணம் என்று கண்டறிந்தார். வந்த வேலை முடிந்தது, ஆனால் அவர் திரும்பவில்லை. மலைக்கிராமங்களில் விதை சேகரிக்கப் போய்விட்டார்.

மலைப்பகுதிகளில் அவர் கவனித்த ஒன்று சுவையானது. அடிவாரத்துக் கோதுமை வயல்களில் கம்பு போன்ற இன்னொரு தானியம் களையாக முளைத்திருந்தது. அதுதான் ரை. மேலே ஏற ஏறக் குளிர் கூடியது, கோதுமை குறைந்து ரை பெருகியது. உச்சிக்கு அருகில் விவசாயிகள் ரையையே பயிராக வைத்திருந்தார்கள். நேற்றைய களைதான் இன்றைய பயிர் என்று வவிலோவுக்கு அங்கே புரிந்தது.

1921இல் பெத்ரோகிராடில் இருந்த பயிரியல் அலுவலகத்தின் தலைமை அவரிடம் வந்தது. அந்த ஊர்தான் பின்னர் லெனின்கிராடு, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அந்த ஆண்டும் வோல்கா கரையில் கொடும்பஞ்சம். 1924இல் ஆப்கானிஸ்தான், 1926-27இல் மத்தியதரைக் கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும், 1929இல் மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா, 1930களின் தொடக்கத்தில் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும் என்று அவர் கால் படாத கண்டங்கள் குறைவு. போன இடமெல்லாம் சந்தைக்குப் போவார், வயலில் இறங்குவார், விவசாயியிடம் அவர் மொழியில் பேச முயல்வார். ஒவ்வொரு விதைப் பொட்டலத்திலும் ஊர், உயரம், தேதி எல்லாம் எழுதப்படும்.

ஒரு பயிருக்கு எங்கே மிக அதிக வகைகள் இருக்கின்றனவோ, அதுவே அதன் பிறந்த வீடாக இருக்க வேண்டும் என்று 1926இல் எழுதினார். பின்வந்தவர்கள் இதில் சில திருத்தங்கள் செய்தார்கள். ஆனாலும் பயிர்களின் பிறப்பிடங்களைக் காட்டும் அந்த வரைபடம் இன்றும் வவிலோவ் மையங்கள் என்ற பெயரிலேயே வழங்குகிறது. நெல், கத்தரி, வெள்ளரி, பாசிப்பயறு ஆகியவற்றுக்காக இந்தியாவும் அதில் இடம் பிடித்திருக்கிறது.

1940 வாக்கில் அவருடைய நிறுவனத்தில் சுமார் இரண்டரை லட்சம் மாதிரிகள் சேர்ந்திருந்தன. அந்நாளில் உலகிலேயே பெரிய விதைக் களஞ்சியம் அதுதான்.

பொறுமையும் அவசரமும்

ஒரு நல்ல ரகத்தை உருவாக்கப் பத்து ஆண்டுகூட ஆகலாம். ஸ்டாலினுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. த்ரோஃபிம் லைசென்கோ என்ற இளைஞர் குறுகிய காலத்தில் விளைச்சலைப் பெருக்கிக் காட்டுவதாக உறுதி கொடுத்தார். விதையைக் குளிரில் வைத்துப் பதப்படுத்தினால் போதும், செடியின் குணத்தையே மாற்றிவிடலாம், மரபணு என்பதெல்லாம் வெறும் கற்பனை என்பது அவர் வாதம். ஆரம்பத்தில் லைசென்கோவுக்கு ஊக்கம் தந்தவர்களில் வவிலோவும் ஒருவர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பின்னர் அறிவியலுக்கு ஒவ்வாததை ஏற்க மறுத்து வெளிப்படையாக எதிர்த்து நின்றார். 1939இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போக அனுமதி கிடைக்கவில்லை.

1940 ஆகஸ்ட் 6 அன்று, மேற்கு உக்ரைனில் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார். வேவு பார்த்தார், விவசாயத்தைக் கெடுத்தார் என்பவை குற்றச்சாட்டுகள். மாதக்கணக்கில் விசாரணை. 1941 ஜூலையில் மரண தண்டனை, அடுத்த ஆண்டு அது இருபது ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. உள்ளே இருந்தபோதும் உடனிருந்த கைதிகளுக்கு அறிவியல் பாடம் எடுத்தார்.

அவர் மனைவி எலெனா பருலினா மைசூர்ப் பருப்புப் பயிரில் தேர்ந்த ஆய்வாளர். போர்க்காலத்தில் மகனோடு சரத்தோவ் நகரில் தங்கியிருந்தார். கணவர் மாஸ்கோவில் இருப்பதாக நினைத்து, தங்களிடம் இருந்த கொஞ்ச உணவையும் பொட்டலம் கட்டி அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். வவிலோவ் அடைபட்டிருந்ததோ அதே சரத்தோவ் சிறையில். 1943 ஜனவரி 26 அன்று அவர் உயிர் பிரிந்தது. வயது 55. பொதுக் குழியில் புதைத்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது 1955இல்.

விதைநெல்லைத் தொடாதவர்கள்

நம் தாத்தா காலத்தில் வீட்டில் உலை கொதிக்காத நாளிலும் விதைநெல் கோட்டையை அவிழ்க்க மாட்டார்கள் என்று கேட்டிருப்பீர்கள். வவிலோவ் சிறையில் இருந்தபோது அவருடைய சகாக்கள் செய்ததும் அதுதான்.

1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை லெனின்கிராடைச் சூழ்ந்தது. முற்றுகை சுமார் 870 நாள் நீடித்தது. அந்தக் குளிர்காலத்தில் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. நிறுவனத்தின் அறைகளிலோ அரிசி, கோதுமை, பயறு, கடலை என்று டன் கணக்கில் விதை இருந்தது. ஊழியர்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள், எலிகளை விரட்டினார்கள். போர்முனைக்குப் பக்கத்தில் இருந்த பாவ்லோவ்ஸ்க் வயலிலிருந்து உருளைக்கிழங்கு ரகங்களைத் தோண்டிக் கொண்டுவந்து, உறையாமல் இருக்கக் கிடைத்ததை எல்லாம் எரித்துச் சூடு காட்டினார்கள்.

நெல் ரகங்களைக் காத்த திமித்ரி இவானோவ் பட்டினியால் இறந்தார். அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாந்தர் ஷூகின் மேசையில் அமர்ந்தபடியே போனார். ஓட்ஸ் பயிரைப் பார்த்துக்கொண்ட லிதியா ரோதினாவும் இறந்தார். இன்னும் பலர் இறந்தார்கள். கண்ணெதிரே பசித்தோர் இருக்கும்போது விதையைப் பூட்டி வைப்பது சரியா என்று நாம் கேட்கலாம். அந்த விதை சில நாள் சோறாகியிருக்கும், அவ்வளவுதான். போருக்குப் பின் நாடு முழுவதும் விதைக்க அதிலிருந்துதான் ரகங்கள் கிடைத்தன.

யாருடைய விதை?

வவிலோவ் காலத்தில் ஒரு நாட்டு விதையை இன்னொரு நாட்டுக்காரர் எடுத்துச் செல்ல விதிமுறை ஏதும் இல்லை. அவர் உலக ஆய்வு நிலையங்களோடு விதைகளைத் தாராளமாகப் பரிமாறிக்கொண்டார். எல்லோரும் அப்படி இருக்கவில்லை. ஏழை நாட்டு உழவர் தலைமுறை தலைமுறையாகக் காத்த விதையை இலவசமாக எடுத்துச் சென்று, புது ரகமாக்கி, அவர்களுக்கே விலைக்கு விற்பது நியாயமா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது.

கதவை அடைத்துவிடவும் முடியாது. 1970களில் ஆசிய நெல்லைத் தாக்கிய ஒரு நச்சுயிரி நோய்க்கு மருந்து தேடி, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்பு கிடைத்தது ஒரே ஒரு காட்டு நெல்லில். அது நம் உத்தரப் பிரதேசத்தில் எடுத்தது. அதைச் சேர்த்துப் பிறந்த ஐ.ஆர். 36 ஆசியா முழுவதும் விளைந்தது.

ஆகவே பகிரவும் வேண்டும், பங்கும் கிடைக்க வேண்டும். நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மன்றத் தலைவராக இருந்தபோது, 1983இல், இதற்கான முதல் உலக உடன்பாடு வந்தது. 1992இன் பல்லுயிர் உடன்படிக்கை, விதைவளம் அந்தந்த நாட்டின் உரிமை என்றது. 2001இல் கையெழுத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் 64 பயிர்களைப் பொது ஏற்பாட்டில் வைத்தது. அதிலிருந்து விதை எடுத்து வணிகம் செய்து, பிறர் அதை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதைத் தடுப்பவர் பொது நிதிக்குப் பங்கு செலுத்த வேண்டும். நிதி வளரும் நாட்டு உழவர்களுக்குப் போகும். வரவு எதிர்பார்த்த அளவு இல்லை, பேச்சு இன்னும் தொடர்கிறது. நம் நாட்டுச் சட்டமும் 2001இல் உழவரின் விதை சேமிக்கும், பரிமாறும் உரிமையை எழுத்தில் தந்தது.

நம் போன்ற குடியிருப்பினர் அறிய ஒரு செய்தி: முற்றுகையில் தப்பிய அந்தப் பாவ்லோவ்ஸ்க் வயலை 2010இல் வீடு கட்ட விற்க முனைந்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் திட்டம் கைவிடப்பட்டது.

நம்மால் ஆவது

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை, சுரை, கத்தரி, மிளகாய் விதை உங்களிடம் இருந்தால், நன்கு காயவைத்துப் பொட்டலம் கட்டி ஆடிப்பட்டத்துக்கு முன் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். மேலே ரகத்தின் பெயர், ஊர், ஆண்டு, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். ஹைப்ரிட் விதை வேண்டாம், அதன் விதையிலிருந்து முளைப்பதில் அதே குணம் வராது.

எடுத்துச் செல்பவர்களுக்கு ஒரே நிபந்தனை. பத்து விதை எடுத்தால், காய்த்த பின் இருபது கொண்டுவந்து வையுங்கள். கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு பிடி காயும் போகட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.